கூனிமேடு கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்: குளத்துக்கு முன் ஆசிரியை



வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்கிறது. அதனால் இந்த மடலைத் தலைவர் ஒருவருக்கு எழுதாமல், கூனிமேட்டிலும் குப்பத்திலும் காலனியிலும் வாழும் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நம் ஊருக்குப் பொது நீச்சல் குளம் ஒன்று வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வரும், பணம் எங்கிருந்து வரும், முதலில் இறங்கப்போவது யார் என்பதையெல்லாம் சபையில் வைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு என் பங்காக இதை எழுதுகிறேன்.

கடல் வாசலிலேயே இருக்கும்போது காசு கொடுத்துக் குளம் கட்டுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலாக ஒன்று கேட்கிறேன்: நம் கடல் இதுவரை யாருக்கு நீச்சல் கற்றுக் கொடுத்திருக்கிறது? குப்பத்துப் பையன் ஆறேழு வயதில் அப்பாவின் படகைத் தள்ளிவிடும் சாக்கில் அலைக்குள் இறங்குகிறான். பத்து வயதில் அலை தாண்டிவிடுகிறான். அவன் அக்காவும் தங்கையும் கூடையோடு கரையில் நிற்கிறார்கள். வயதுக்கு வந்துவிட்டால் கணுக்கால் நனைவதோடு சரி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குப் போகிற வீடுகளில் பையன்களில் பலருக்குமே நீச்சல் தெரியாது. பள்ளிவாசல் தெருப் பெண்பிள்ளைகளுக்கு மறைவான நீர்த்துறை இல்லாததால் அந்தப் பேச்சே எழுவதில்லை. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடல் வெறும் பார்க்கிற பொருளாகவே இருந்துவிட்டது.

இதற்கு நாம் கொடுத்த விலையை 2004 டிசம்பர் 26 காட்டிவிட்டுப் போனது. ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே, நம் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் 146 ஆண்கள் இறந்தார்கள், 391 பெண்கள் இறந்தார்கள் என்று அது கணக்குச் சொன்னது. தேவனாம்பட்டினத்தில் ஆண்கள் 21 பேர், பெண்கள் 42 பேர். பச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். காரணம் பல. ஆண்கள் பலர் அந்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்தார்கள்; அங்கே அலை உயரவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். கையில் குழந்தை, உடம்பில் சுற்றிய சேலை. இவற்றோடு, நீந்தவும் மரம் ஏறவும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொல்கிறது. சுனாமி வேகத்துக்கு நீச்சல் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் வடியும் வரை ஒரு கட்டையைப் பிடித்து மிதக்கத் தெரிந்த உடம்புக்கும், முகத்தில் நீர் பட்டதுமே மூச்சைத் தவறவிடும் உடம்புக்கும் இருக்கும் தூரம் பெரியது.

சுனாமி எப்போதோ வருவது. ஆறும் ஏரியும் தடுப்பணையும் ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கொண்டுபோகின்றன. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையை ஒட்டித் தேங்கிய நீரில் குளிக்க இறங்கிய சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் நால்வர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் போனார்கள். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே. ஒருத்தி ஆழத்தில் சிக்குகிறாள், அவளை இழுக்க அடுத்தவள் கை நீட்டுகிறாள், அவளைப் பிடிக்க இன்னொருத்தி. தோழியை விட்டுவிட்டு ஓடாத பிள்ளைகள் அவர்கள். நீரில் ஒருவர் தத்தளித்தால் தானும் இறங்காமல் கரையில் நின்று கம்பை நீட்டு, துப்பட்டாவை வீசு, காலி கேனை எறி என்று ஒரே ஒரு மணி நேரம் யாராவது அவர்களுக்குப் பழக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. நம்மைச் சுற்றியும் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது, இறால் பண்ணைக் குட்டைகள் இருக்கின்றன, மழைக்காலத்தில் கழுவேலி ஏரி நிரம்பி நிற்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கு மேல். இந்தச் சாவைக் குறைக்க முடியும் என்று நிரூபித்தது பணக்கார நாடு எதுவும் இல்லை, வங்கதேசம். அங்கே கிராமத்துப் பழைய குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, சுற்றிலும் மூங்கில் தடுப்பு அடித்து, நாலு வயதிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பாடம் மிகச் சின்னது: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையிலிருந்தபடி இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அந்தப் பாடம் முடித்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 93 விழுக்காடு குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் விடையாகாது. அவர்களைக் காப்பாற்றியது, அம்மாக்கள் வேலையில் இருக்கும் காலை நேரத்தில் ஒரு பெண் பார்த்துக்கொண்ட குழந்தைகள் காப்பகம். நம் அங்கன்வாடி நேரத்தைப் பற்றியும் சபை ஒரு நாள் பேச வேண்டும். இந்த மடல் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது.

அப்படியானால் நமக்கு வேண்டியது எப்படிப்பட்ட குளம்? நீச்சல் குளம் என்றதும் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை வேளச்சேரியில் கட்டிய பெரிய வளாகம்தான் பலர் கண்ணுக்கு வரும். பதக்கம் வாங்க அது வேண்டும். பிழைக்கக் கற்க அவ்வளவு நீளம் வேண்டாம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழம் போதும். பிள்ளை ஒரு முறை போய்த் திரும்பினால் 24 மீட்டர் ஆகிவிடுகிறது, எழுந்து நின்றால் தலை வெளியே இருக்கிறது. (மொகஞ்சதாரோவின் பெருங்குளமே 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும்தான். செங்கல் அடுக்கி, கசியாமல் நிலக்கீல் பூசி, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊர் அதைச் செய்து முடித்தது.) நான் சொல்லும் அளவுக்குப் பிடிக்கும் நீர் சுமார் 65,000 லிட்டர். அதே இடத்தில் 25 மீட்டருக்குப் பன்னிரண்டரை மீட்டர் என்று, சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் கட்டினால் 3,75,000 லிட்டர் வேண்டும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

ஏனென்றால் நாம் இருப்பது உப்புக் கரை. மரக்காணத்துப் பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சினால் சில நாளில் உப்பு பூக்கிறதே, அந்த வெயிலும் காற்றும் நீச்சல் குளத்தை மட்டும் விட்டுவைக்காது. கோடையில் நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், பெரிய குளத்தில் தினமும் சுமார் 1,900 லிட்டர் போகும். சின்னக் குளத்தில் 430 லிட்டர். இரவில் தார்ப்பாய் மூடி, பகலில் நிழல்வலை கட்டினால் அதையும் குறைக்கலாம். பாத்தி மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லத் தேவையில்லை. பொறியாளர் வரைபடத்தோடு வரும்போது உங்களில் ஒருவர் எழுந்து, நாள் ஒன்றுக்கு எவ்வளவு வற்றும் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

போர் போட்டு நிரப்பிவிடலாம் என்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். நம் மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலில் நூறு ஆண்டுக்கு மேலான கணக்கு. ஒரு முறை கிணறு உவர்ந்துவிட்டால் அதைத் திருப்புவது நம் கையில் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதை உள்ளூர் மக்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே விட்டிருக்கிறது. கூனிமேட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வரப்போகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். அரசு அறிவித்த அந்தத் திட்டம் திண்டிவனத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் குடிக்கத் தண்ணீர் தருவதற்கு. குடிநீரில் கை வைக்காமல் நிரம்பும் குளம்தான் நமக்கு ஏற்றது.

அதற்கு மழை இருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஆயிரம் சதுர அடி கூரை ஒன்றிலிருந்து, சிந்துவதும் காய்வதும் போக, 85 ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். பள்ளிக் கட்டடம் ஒன்றின் கூரை நீரே நம் சின்னக் குளத்தை நிரப்பிவிடும். இரண்டாவது கூரையின் நீரைத் தொட்டியில் சேர்த்தால் கோடையில் வற்றுவதற்கு ஈடு கட்டலாம். மழைக்காலத்தில் எப்படியும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். அந்த மாதங்களில் குளம் நிரம்பட்டும். தை பிறந்து உப்பளத்தில் பாத்தி திருத்த ஆரம்பிக்கும்போது இங்கே வகுப்பு ஆரம்பிக்கட்டும். புரட்டாசியில் அங்கே வேலை ஓயும்போது இங்கேயும் ஓயும். உப்பு விளையும் ஒன்பது மாதமும் நமக்கு நீச்சல் காலம். மூடிய மாதங்களில் மேலே வலை போட வேண்டும், கொசு முட்டையிடாமல் கம்பூசியா மீன் விட வேண்டும். இல்லாவிட்டால் நாமே டெங்குவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

கடல்நீரையே பயன்படுத்தக் கூடாதா? ஆஸ்திரேலியாவில் சிட்னி கரையோரம் பாறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பி, அலை வந்து நிரப்பிப் போகும் குளங்கள் கட்டியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக மக்கள் நீந்துகிறார்கள். நம் கரையில் அந்தப் பாறை இல்லை. ஓத ஏற்றமும் குறைவு, மணல் வேறு ஓரிடத்தில் நிற்பதில்லை. புதுச்சேரித் துறைமுகத்தில் 1980-களில் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டிய பிறகு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை கரை என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். கடலுக்குள் இன்னொரு சுவர் வேண்டாம். மோட்டார் வைத்து இறைத்தால் குழாயும் பம்பும் அரித்துப்போகும், கழிவாகும் உப்புநீரை யார் நிலத்தில் விடுவது என்ற சண்டையும் வரும். நன்னீர்க் குளத்துக்கும் கழிவுண்டு. குளோரின் கலந்த நீரைக் கால்வாயில் திறந்துவிட்டால் அது எங்கே போகும் என்று யோசியுங்கள். கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. வடிகட்டியைக் கழுவிய நீரைக் குழியில் இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி, பிறகு தென்னைக்கு விடலாம். இடத்தைப் பொறுத்தவரை, சாலைக்கு மேற்கே பள்ளியை ஒட்டி இருப்பதே நல்லது. நான்கு பக்கமும் பிள்ளைகள் ஏற முடியாத வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு, பூட்டு. இது இல்லாமல் குளம் கட்டினால், சாவைத் தடுக்கக் கட்டியதே சாவுக்கு இடமாகும். 90 சென்டிமீட்டர் நீர் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கடல்தான்.

இப்போது பணம். கட்டுவதற்குப் பணம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. புதுச்சேரி எல்லையைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. கதவைத் தட்டினால் ஏதாவது ஒன்று திறக்கும், கல்வெட்டில் பெயர் போடச் சொல்லும், போடுவோம்.

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் எல்லோரும் போய்விடுவார்கள். இந்தப் பணங்கள் எல்லாம் சுவர் எழுப்பவே வருகின்றன. ஆசிரியைக்கு மாதச் சம்பளம் தர வருவதில்லை. நடத்தக் காசில்லாவிட்டால், கட்டி முடித்த குளமும் பூட்டித்தான் கிடக்கும். ஆகவே நடத்தும் செலவை முதலில் போட்டுப் பார்க்கிறேன். தினம் எட்டு மணி நேரம் ஓடும் ஒரு குதிரைத்திறன் பம்ப் சுமார் 6 யூனிட் இழுக்கும். ஒன்பது மாதத்துக்கு 1,620 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 16 ஆயிரத்துச் சொச்சம். நீரில் குளோரின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நம் அளவுக்கு அது ஒரு தடவைக்கு 400 கிராம் பிளீச்சிங் பவுடர். அது பெரிய செலவில்லை. இரண்டு பயிற்றுநர்களுக்கு மாதம் 15,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 2,70,000 ரூபாய். காவல், பழுது, தார்ப்பாய், எதிர்பாராதது எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 4 லட்சத்தில் நிற்கும். செலவின் பெரும்பகுதி மனிதருக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் பத்துப் பிள்ளைகள், நாளுக்கு ஐந்து வகுப்பு, ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பயிற்சி. தேர்வு மாதங்களைக் கழித்துவிட்டாலும் ஆண்டுக்கு 300 பிள்ளைகளுக்குக் குறையாது. பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 1,330 ரூபாய். தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ எடுக்கும் ஒரு நல்ல உடையின் விலை.

இந்த 4 லட்சத்தை எங்கே தேடுவது? வெளியே தேட வேண்டாம் என்பதுதான் என் உறுதியான எண்ணம். குப்பத்தில் தலைக்கட்டு வரி எழுதும் பழக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியும். கோயில் திருவிழாவுக்கு அந்த வரி ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் வசூலாகிறது. ஜமாஅத்துக்குச் சந்தா எழுதும் ஒழுங்கு இருக்கிறது. வியாபாரிகளுக்கு மகமை புதிய சொல் இல்லை. ஆயிரம் தலைக்கட்டு ஆண்டுக்கு 400 ரூபாய் வீதம் போட்டால் 4 லட்சம். மாதக் கணக்கில் 35 ரூபாய்கூட ஆகவில்லை. முடியாத வீட்டுக்கு விலக்கு, வளைகுடாவில் சம்பாதிக்கும் பிள்ளைகள் அந்தப் பங்கை ஏற்கட்டும். குப்பத்துப் பஞ்சாயத்தும் ஜமாஅத்தும் காலனி இளைஞர்களும் மகளிர் குழுக்களும் ஆளுக்கொருவரை நியமித்து ஒரே வங்கிக் கணக்கை நடத்துங்கள். ஒவ்வொரு கிராம சபையிலும் வரவு செலவை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு ஆண்டுச் செலவான 8 லட்சம் அந்தக் கணக்கில் சேர்ந்த பிறகு கடைக்கால் தோண்டலாம். அதற்கு முன் எந்த நிதி தேடி வந்தாலும், காத்திருங்கள் என்று சொல்லும் துணிவு சபைக்கு வேண்டும்.

பணம் சேரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரும்புச் சட்டத்தில் தடித்த தார்ப்பாய் விரித்து நிறுத்தும் தற்காலிகக் குளத்தில் வியட்நாமில் பள்ளி மைதானத்திலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். பண்ணைக்குட்டைக்கு ஷீட் விரிக்கத் தெரிந்த கைகள் நம்மிடம் உண்டு. முதல் ஆண்டு அப்படிப் போகட்டும். அந்த ஆண்டில் நாம் உருவாக்க வேண்டியவர்கள் ஆசிரியைகள். பெண்கள் என்றே அழுத்திச் சொல்கிறேன். கடல் தெரிந்த ஆண்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். 2015 பெருவெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் படகு இறக்கி ஆட்களைக் காப்பாற்றியவர்கள் மீனவர்கள்தான், அவர்களிடம் கற்க ஏராளம் இருக்கிறது. ஆனால் பதிமூன்று வயது மகளை ஆண் பயிற்றுநரிடம் அனுப்ப எந்த அம்மாவும் யோசிப்பாள். அந்தத் தயக்கத்தை வைத்துக்கொண்டே வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சான்சிபார் தீவில் பெண்களே ஆசிரியைகளாகி, உடல் முழுவதும் மறைக்கும் நீச்சல் உடையில் சிறுமிகளுக்குக் கற்றுத் தந்தார்கள். கடலைப் பார்த்தே வளர்ந்து கடலில் இறங்காத பெண்கள் அங்கேயும் இருந்தார்கள். இலங்கையில் வெலிகமவில் சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கென்றே நீச்சல் வகுப்புகள் தொடங்கின. இறங்கியவர்களில் இல்லத்தரசிகள் உண்டு. நம் குளத்துக்கும் பெண்களுக்கான நேரம், மேலே மறைப்பு, உடை மாற்றத் தாழிட்ட அறை, பெண் ஆசிரியை ஆகிய நான்கும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அது பையன்கள் கூத்தடிக்கும் குளமாகவே முடியும்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். குளம் யாருடையது? 1927-இல் மகாராட்டிரத்தில் மஹாட் என்ற ஊரில், நகராட்சியே பொது என்று அறிவித்த சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடக்க வேண்டியிருந்தது. குடித்ததற்காக அவர்கள் அடிபட்டார்கள். குளம் தீட்டாகிவிட்டதாகச் சொல்லிச் சடங்கு செய்தார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரம், பொதுப் பூங்காவில் கறுப்பின மக்களையும் விட வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும், 1959-இல் பூங்காக்கள் அத்தனையையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்த குளத்தையும் மண் போட்டு மூடியது. அடுத்தவர் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தன் பிள்ளைக்கும் இல்லாமல் செய்துகொண்ட ஊர் அது. யார் உள்ளே வரலாம் என்ற சண்டையில் கோயில் வாசலிலேயே நின்றுபோன ஊர்களை நம் மாவட்டத்திலும் அறிவோம். ஊர், குப்பம், காலனி என்று வகுப்பைப் பிரிக்கக் கூடாது. பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் கலந்திருக்க வேண்டும். இதை விதியாக எழுதி, கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்த விதி இல்லாத குளத்துக்கு நான் ஒரு ரூபாயும் தர மாட்டேன், யாரிடமும் கேட்கவும் மாட்டேன்.

நீச்சல் தெரிந்துவிட்டால் கடல் விட்டுவிடும் என்றும் எண்ண வேண்டாம். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து நீந்தியே திரும்பியவர். அத்தகைய வீரரே 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர் விட்டார். எந்த நீரில் இறங்கக் கூடாது, கடல் உள்ளே இழுக்கும்போது எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் எப்படி நகர்வது, புயல் எச்சரிக்கையின் பொருள் என்ன என்பவையும் பாடத்தில் சேர வேண்டும். அதைக் கற்பிக்கக் குப்பத்துப் பெரியவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடையாது. மாதம் ஒரு நாள் அவர்கள் வந்து பேசட்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். அந்தக் கூட்டத்தில் வைக்கக் கேட்கும் தீர்மானம் இது: "கூனிமேடு ஊராட்சியின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும், பெண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்து, நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்கப்படும். இதற்கான நடத்துச் செலவைத் தலைக்கட்டு வரியாக ஊரே ஏற்கும். இரண்டு ஆண்டுச் செலவு கையில் சேர்ந்த பின், மழைநீரால் நிரம்பும் சிறு குளம் ஒன்றைக் கட்ட அரசின் பங்கு கோரப்படும். குளமும் வகுப்புகளும் எல்லோருக்கும் பொது." திருத்தம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள், எழுதிச் சேர்க்கிறேன்.

ஒரு வேலை மட்டும் இப்போதே இருக்கிறது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், தண்ணீருக்குப் பயப்படாத, சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்ய விருப்பமுள்ள பெண்கள் நான்கு பேர் வேண்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, முதல் மாணவிகள் அவர்கள்தான். மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர் கொடுக்க முன்வருபவரை அவர் மாமியாரோ கணவரோ தடுத்தால், குழுத் தலைவி வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
கிராம சபை உறுப்பினர்களில் ஒருவர்
கூனிமேடு